ஒரு நாள் சாயம்

நீர்மாலை எடுத்து வந்த தண்ணீர்க் குடங்கள் ஆனந்தவல்லியின் தலைமாட்டில் நிறைந்திருந்தன. சுமங்கலியாகப் போனவளுக்கு மஞ்சளும் அரைத்தாயிற்று. குளிப்பாட்டத்தான் ஒரு கையும் நீளவில்லை. முதலில் தொட வேண்டியவள் நாத்தனார் வெள்ளைத்தாய். மடவார் வளாகத் தெருவிலிருந்து விடியுமுன் வந்து அழுது தீர்த்தவள், இப்போது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“நேரமாகுது அத்தை,” என்றாள் மகள் சிவரஞ்சனி.

“மதினி உடம்புல பச்சை மருந்து ஏத்திருக்காவல்ல, ஏட்டி. பேரன் பேத்தி இருக்க வீட்டுக்குப் போணும். எப்படித் தொட?”

சிவரஞ்சனிக்குத் தன் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டவள் அவளேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன். டாக்டர் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “அம்மா வயித்துக்குள்ள பச்சையா வெளக்கு எரியுது அத்தை,” என்று பீற்றிக்கொண்டாள்.

“அது ஒரு நாள்ல உடம்ப விட்டுப் போயிருத சாயம். கேமராவுல மட்டுந்தான் மினுங்கும். நோய் பரவுனா முதல்ல அடிவயித்துல எந்த நெறிக்கட்டிக்குப் போகும்னு காட்டிக்கொடுக்கும். அத மட்டும் எடுத்துச் சோதிச்சாவ. சுத்தமா இருந்துச்சு. அதான் மிச்சத்த வெட்டல,” என்று இப்போது எடுத்துச் சொன்னாள்.

“சுத்தமா இருந்தா பொறவு ஏன் போயிட்டாவ?”

டாக்டருக்கே விளங்காத கேள்வி அது. ஒரு வருஷம் சும்மா இருந்த நோய், நுரையீரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. உறவுக் கை படாமலே அம்மாவை அனுப்ப வேண்டியதுதான். தனியாகவே செய்வோம் என்று சொம்பை எடுத்தாள்.

வாசலில் கூட்டம் விலகியது. எதிர்வீட்டுக் கருத்தம்மா வலது காலை இழுத்து இழுத்து வந்தாள். பத்து வருஷத்துக்கு முன் அவளுக்கும் அதே நோய், அதே ஆபரேஷன். அவளுக்கு நெறிக்கட்டிகளை மொத்தமாக வழித்தெடுத்தார்கள். நிணநீர் வடிய வழியில்லாமல் அன்று வீங்கிய கால் இன்னும் வடியவில்லை. சிரமப்பட்டு உட்கார்ந்து, ஆனந்தவல்லியின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

“எம்புட்டு லேசா இருக்கு இந்தக் காலு,” என்றாள். “ஆபரேஷனுக்கு அடுத்த ஆடிக்கு அய்யனார் கோவில் பாறையெல்லாம் ஏறிட்டு வந்தா. நான் கீழ ஆட்டோவுலயே உக்காந்திருந்தேன்.”

கருத்தம்மா மஞ்சளை அள்ளிப் பாதத்தில் பூசினாள். அதையே பார்த்து நின்ற வெள்ளைத்தாயின் கைகள் முந்தானையை விட்டு வெளியே வந்தன.

“தள்ளு. மதினி மொகத்துக்கு நான் பூசுதேன்.”

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த சிவரஞ்சனியிடம் வெள்ளைத்தாய் காப்பி டம்ளரை நீட்டினாள். தலைமுழுகிவிட்டு வந்திருந்தாள். ஈரக் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. மணிக்கட்டு வரை மஞ்சள் அப்படியே இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவியவளாகத் தெரியவில்லை.