படம் முடிந்த பிறகு அம்மா சொன்னது

விடுமுறைக் காலத்தில் டிவியில் எதைப் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கும் சண்டையில் அப்பா கலந்துகொண்டதே இல்லை. மனிதர் வீட்டில் இருந்தால்தானே. ஊருக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் துணைமின் நிலையத்தில் அவருக்கு வேலை. சின்னக் குழந்தைகள் இருக்கிறவர்கள் லீவு போடட்டும் என்று அடுத்தவர் டியூட்டியையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். என்னையும் தம்பியையும் அவர் குழந்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை போலிருக்கிறது.

கண்ட்ரோல் ரூமில் டிவி வைக்கக் கூடாது. மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. காதுக்கு மட்டும் தடை ஏதும் இல்லை. அதனால் இங்கே அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஓடுகிற படத்தை அங்கே இருக்கும் அப்பாவுக்குச் சொல்வாள். "இப்ப அவன் வாசலுக்கு வந்துட்டான். மூஞ்சியே சரியில்ல. சட்டை பட்டனக்கூட மாத்திப் போட்டிருக்கான், அவன நம்பி ஒரு பொண்ணக் குடுத்திருக்காங்க பாருங்க." படத்தில் இல்லாத விமர்சனமும் சேர்ந்தேதான் போகும்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம். அம்மாவுக்கு யாரையும் சாகவிட மனசு வராது. படத்தில் சுடப்பட்டவன், மூழ்கியவன், மலையிலிருந்து விழுந்தவன் எல்லோரும் அம்மாவின் வாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சின்ன வயதில் நான், "அம்மா, அவரு செத்துட்டாரு!" என்று கத்தித் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். "தனியா உக்காந்து வேல பாக்குற மனுஷன்கிட்ட போய், ஆளு போயிட்டான்னு சொல்லவா? வாய மூடுடி."

இதில் உச்சம் கலங்கரை விளக்கப் படம். விளக்குக்காரன் புயலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் படகில் போகிறான். அவன் திரும்புவதற்காக மனைவி இரவெல்லாம் விளக்கை எரியவிடுகிறாள். அவன் வரவில்லை. விடிந்ததும் அவளே விளக்கை அணைக்கிறாள். அவ்வளவுதான் படம். வருஷம் தவறாமல் போடுவார்கள், அப்பாவும் தவறாமல் அதைத்தான் கேட்பார். அம்மாவின் கதையில் முதல் வருஷம் அவன் காலைச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தான். அடுத்த வருஷம் கடலில் ஒரு நாயையும் காப்பாற்றிக் கூட்டிவந்தான். போகப் போக அந்த வீட்டில் ஒரு கல்யாணமே நடந்தது.

இந்த வருஷம் அப்பாவின் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலதிகாரி, "லீவு எடுக்கலேன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டில் இருந்தார். கையையும் காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹாலில் நடந்தார். பாவமாக இருந்தது. மேட்ச் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த தம்பியே பெரிய மனசு பண்ணி ரிமோட்டை அவர் கையில் கொடுத்தான்.

"என்னப்பா பாக்கலாம்?"

"இதென்ன கேள்வி? மத்தியானம் விளக்குப் படம் போடுறான்ல. அதுல முடிவுதான் பிரமாதம்."

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். அம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"இத்தன வருஷம் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடுமேடி."

"கதைதானேம்மா, விடு."

"உனக்குக் கத. அவரு படமே நான் சொல்லித்தான் பாத்தாரு. இனிமே எனக்குக் காய்ச்சல்னு சொன்னாக்கூட, எங்க தெர்மாமீட்டரக் காட்டுன்னு கேப்பாரு."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அம்மா நிஜமாகவே பயந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் கோமாளித்தனம். "சமையல் போட்டி நல்லா இருக்குமாம்" என்றாள். "பையன் ஆசப்படுறான், மேட்ச் வைங்க" என்றாள். இத்தனை வருஷமாக மேட்ச் என்றாலே எரிந்து விழுகிறவள் இப்படிப் பேசியதும் தம்பி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் படம் தொடங்கும் நேரத்துக்குப் போய் மெயின் போர்டில் ஃபியூஸைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். அப்பா எழுந்து போனார், பரணிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகினார், வந்து உட்கார்ந்தார். யார் பிடுங்கியது என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படம் ஓடியது. அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். புயல் வந்தது. அம்மா எழுந்து போய்க் கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். படகு போனது. இரவு முழுக்க விளக்கு எரிந்தது. விடிந்தது. அந்தப் பெண் படியேறிப் போய் விளக்கை அணைத்தாள். திரையில் பெயர்கள் ஓடின.

அப்பா டிவியை நிறுத்தினார். "இந்தா, இங்க வா" என்று கூப்பிட்டார். அம்மா ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். தப்பு செய்துவிட்டு நிற்கும் அவளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ம், மீதியச் சொல்லு" என்றார் அப்பா.

"மீதின்னா?"

"இங்க முடிஞ்சிருச்சு. இதுக்கப்புறம்தானே நீ நல்லா சொல்லுவ."

நான் தம்பியைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல் வருஷமே தெரியும்மா. படம் முடிஞ்சா ஊரே ஒண்ணா எந்திரிக்கும். ஒருத்தர் மோட்டார் போடுவாங்க, ஒருத்தர் வெந்நீர் வைப்பாங்க. மீட்டர்ல முள்ளு சர்ருனு ஏறிடும். ஊருக்கெல்லாம் படம் முடிஞ்சிருச்சு, உங்கம்மா மட்டும் இன்னும் சொல்லிட்டிருக்கா."

"அப்புறம் ஏம்ப்பா ஒரு தடவகூட கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவாளே."

அம்மாவுக்கு இப்போதுதான் குரல் வந்தது. வந்த வேகத்தில் கோபமாகத்தான் வந்தது. "அடப்பாவி மனுஷா! எல்லாம் தெரிஞ்சுமா அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு உயிர எடுத்தீங்க?"

"தெரியாமத்தான் கேட்டேன். அந்த டிவிக்காரனுக்கே தெரியாதே, எனக்கு எப்படித் தெரியும்? நீ எந்த எடத்துலேருந்து கெளம்புறன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும்னு ஆச, அவ்வளவுதான். இப்ப சொல்லு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வெட்கம். "எதிர்ல உக்காந்து இப்படிப் பாத்தா எனக்கு வரமாட்டேங்குதுங்க" என்றாள்.

அப்பா எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நான் பதறிய நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. அவள் அதை எடுத்துப் பழக்கமாகத் தோளில் இடுக்கினாள். ஓடாத டிவியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க விட்டேன்?"

"விளக்க அணச்சுட்டா." அப்பாவின் குரல் போனிலும் கேட்டது, கதவுக்குப் பின்னாலும் கேட்டது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

"விடிஞ்சிருச்சுல்ல, அதான் அணச்சா. கீழ எறங்கி வர்றா. கரையோரமா ஒருத்தன் நடந்து வர்றான். தொப்பலா நனஞ்சிருக்கான்."

"நாய்?"

"இந்தத் தடவ நாயெல்லாம் இல்ல. அவன் மட்டும்தான். வந்தான், தலையத் தொடச்சான், உக்காந்தான்." அம்மாவின் குரல் இறங்கியது. "அவ அவன்கிட்ட சொன்னா, ஊருக்கெல்லாம் காவல் இருந்தது போதும், இனிமே வருஷா வருஷம் லீவுக்கு வீட்டுல இருங்கன்னு."



"அவன் என்ன சொன்னான்?" என்றார் அப்பா, மெதுவாக.

"அவன் இன்னும் வாயே தொறக்கல."

"இருக்கேன்னு சொன்னான்னு சொல்லு."