கொடி காட்டினால் நிற்கும் வண்டி

நடைமேடை விளிம்பில் அம்மா நின்றிருந்தாள். கீழே, முன்பு தண்டவாளம் கிடந்த பள்ளத்தில் இடுப்பளவு புல். அப்பா இறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நாளைக் காலை, அவர்கள் குடியிருந்த ஸ்டேஷன் கட்டடத்தை இடிக்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அம்மாவை எப்படியாவது தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று மகள் பெட்டியும் கையுமாக நின்றாள்.

கல்குவாரிக்காகக் கட்டிய ஸ்டேஷன் அது. கல் தீர்ந்ததும் ஜனமும் கலைந்துவிட்டது. அதன்பிறகு வண்டி அங்கே தானாக நிற்காது. ஏற ஆள் இருந்தால் அப்பா சிவப்புக் கொடி பிடிப்பார், இல்லையென்றால் பச்சை. இறங்குகிறவர்கள் முன்கூட்டியே வண்டியின் கார்டிடம் சொல்லி வைக்க வேண்டும். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு அவள் வீட்டைவிட்டுப் போன அன்றும் கொடி பிடித்தவர் அவர்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தார்.

மிச்சத்தைக் காலையில் தாய்மாமா சொன்னார். அவள் போன பிறகு அப்பா தினமும் சாயங்கால வண்டிக்குச் சிவப்பையே காட்டியிருக்கிறார். ஏற ஒரு ஈ காக்காய் கிடையாது. யாருய்யா ஏறப்போறது, உன் நிழலா என்று டிரைவர் கத்துவாராம். அப்பா காதில் வாங்காமல் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பச்சையைக் காட்டுவாராம். புகார் போனது, விசாரணை வந்தது. வீணாக வண்டி நிற்கிற இடம் என்று ஸ்டேஷனையே மூடிவிட்டார்கள்.

"எறங்கணும்னா புள்ள கார்டுகிட்ட சொல்லிட்டு எறங்க மாட்டாளா மச்சான்னு கேட்டேன்மா. 'அவ என் மக. வாயத் தெறந்து கேக்க மாட்டா. நின்னாத்தான் எறங்குவா'ன்னுட்டாரு."

வெயில் சாய்ந்தது. அம்மா சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தள்ளி நில்லுடி."

காற்றே இல்லை. ஆனாலும் பள்ளத்துப் புல் ஒரு பக்கமாகப் படுத்தது. அம்மாவின் தலை மெதுவாக இடமிருந்து வலமாக, வண்டியின் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்து நின்றது. பக்கத்து வெறுமையைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

"இன்னைக்கும் எறங்கலங்க."

"அம்மா, நான்தான் வந்துட்டேனே. இதோ நிக்கிறேன் பாரு."

அம்மா அவளை நன்றாகவே பார்த்தாள். கண்ணில் எந்தக் குழப்பமும் இல்லை.

"நீ பஸ்ல வந்துட்ட. அவரு இன்னும் வண்டியத்தான பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அவர விட்டுட்டு நான் எப்படிடி வர்றது?"

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடையின் சரிவில் இறங்கினாள். புல் காலை அறுத்தது. வண்டி வந்து நிற்கிற இடத்தில், நடைமேடையை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தாள். விளிம்பு அவள் நெஞ்சுக்கு இருந்தது. பெட்டியை மேலே தள்ளினாள். ஏறுவதற்குத் தோதாக எதுவும் அகப்படாமல் கையை நீட்டித் துழாவினாள்.

காய்த்துப்போன ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றித் தூக்கியது.

முழங்கால் சிராய்க்க மேலே வந்து நிமிர்ந்தாள். அம்மா எட்டத்தில், கட்டடச் சுவரோரமாக, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.