பாதி பாரம்

எந்த இயந்திரமும் தாங்கக்கூடியதில் பாதியைத் தூக்கினால் இரட்டை ஆயுள் வாழும் என்பது கிரேன்காரரின் நம்பிக்கை. வடம் தேயாது, பல்சக்கரம் முனகாது. வாழ்நாளெல்லாம் உயரத்துக் கூண்டில் தனியே உட்கார்ந்து யோசித்தவர் அவர். அந்தக் கணக்கை ஒருநாள் தன் உடம்புக்கும் போட்டுவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா சாப்பிட்ட கையைக் கழுவப் போன இடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அடுத்த வருடம் இவருக்கு அதே வயது. மகளுக்கோ இன்னும் பால்பல்கூட விழவில்லை. குறைவாகத் தின்ற எலிகள் நெடுநாள் வாழ்ந்ததாக எங்கோ படித்தவர் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் மெதுவாகக் குறைக்கச் சொல்வார். அதற்குப் பொறுமை இல்லை. காலையில் வெறும் காப்பி, ராத்திரி அரை வயிறு என்று ஆனது.

"அந்த எலி கிரேன் ஓட்டுச்சான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"உனக்கு எல்லாமே கேலிதான்."

"கேலி இல்லங்க. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க. மதியம் நான் கட்டிக் குடுக்கிறதையாவது மிச்சம் வைக்காம சாப்பிடுறீங்களே, அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு."

டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வீட்டுக்குப் போனது. காலி செய்தவன் அவளுடைய தம்பி. கூண்டுக்கு எடுத்துப்போனால் மனசு அலைபாயும் என்று கிரேன்காரர் டப்பாவை ஏணியடியிலேயே அவன் கையில் கொடுத்துவிடுவார். பாரம் இறங்கும் இடத்தில் நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்லும் வேலை அவனுக்கு.

"நீங்க பட்டினி கிடக்கிறீங்க, எனக்குத் தொப்பை போடுது. இது என்ன நியாயம் மாமா?" என்பான்.

"அக்காகிட்ட மூச்சு விட்ட, அவ்வளவுதான்."

அன்றும் அப்படித்தான் வெறுங்கையோடு ஏறினார். ஏணியில் பாதியிலேயே இரண்டு தடவை நின்றார். முற்பகலில் சுவருக்கான கான்கிரீட் பலகை ஒன்றைத் தூக்கி, நான்காம் தளத்தின் மேலே கொண்டுவந்தார். பலகையை வாங்கிப் பொருத்த அங்கே மச்சானோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"இறக்குங்க மாமா. மெதுவா."

குளிர்ந்த வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தார். மச்சான் இரண்டாகத் தெரிந்தான். கண்ணை மூடித் திறந்தார். இரண்டு மச்சான்களும் அண்ணாந்து கையசைத்தார்கள். லிவரின் மேல் தன் கை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது; விரலுக்குத் தெரியவில்லை.

கையை எடுத்தால் பலகை அந்தரத்திலேயே நிற்கும். ஆனால் காற்று ஏறிக்கொண்டிருந்தது. பலகை கப்பல் பாய் போல மெல்லத் திரும்பியது. வாக்கி-டாக்கியில் சொன்னால் சூப்பர்வைசர் காதிலும் விழும். இந்தக் கூண்டு இனி தனக்கில்லாமல் போகலாம். சமாளித்துவிடலாம் என்றது ஒரு மனசு. அப்பாவும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருப்பார்.

"மாமா? தூங்கிட்டீங்களா?"

கண்ணை மறுபடி மூடித் திறந்தார்; இன்னும் இரண்டு மச்சான்கள்தான். பிறகு பித்தானை அழுத்தினார்.

"மச்சான், எல்லாரையும் அங்கேருந்து விலகச் சொல்லு. நீயும் போ. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. காலையிலேருந்து சாப்பிடல."

வாக்கி-டாக்கி இரைந்தது. பிறகு மச்சானின் குரல் வந்தது. அதில் கிண்டல் துளியும் இல்லை.

"விலகியாச்சு. பின்பக்கக் காலி இடத்துல இறக்கலாம். கண்ணை நம்பாதீங்க, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. இடது பக்கம். இன்னும். நிறுத்துங்க. மூச்சு விடுங்க மாமா."

மூச்சு விட்டார்.

"இப்ப கீழே. ஆடுது, விடுங்க, அதுவா நிக்கட்டும். ம். இறக்குங்க."

ஊசியில் நூல் கோப்பதுபோல ஒரு கட்டடத்துச் சுவர் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. வடம் தொய்ந்ததும்தான் பலகை தரையைத் தொட்டது புரிந்தது. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார்.

"அங்கேயே உட்காருங்க, தனியா இறங்காதீங்க. டாக்டர் எழுதிக் குடுக்கிற வரைக்கும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது" என்றது சூப்பர்வைசரின் குரல்.

மச்சான் டப்பாவோடு ஏறி வந்தான். மூடியை அவனே திறந்து நீட்டினான். மனைவி விளிம்புவரை அடைத்திருந்தாள்.

"நான் தின்னிருக்கக் கூடாது மாமா."

"நான் குடுத்திருக்கக் கூடாது."

அவர் மெல்ல மென்றார். மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. அடிவரை வழித்ததும் கிரேன்காரர் போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். நீயும் கூட வா. இன்னிக்கு இங்க ஒரு பெரிய ஆபத்துலேருந்து தப்பிச்சோம். இப்பதான் சாப்பிட்டேன். இன்னிக்கு டப்பாவைக் காலி பண்ணது நான்தான்."

மனைவி டப்பாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இத்தனை நாளும் காலி பண்ணது யாரு?"

அவர் திரும்பிப் பார்த்தார். மச்சான் அதற்குள் ஏணியில் கால் வைத்திருந்தான்.