வேர்க்குரு

மகள் வேம்புவுக்கு அம்மை போட்டு அன்றைக்கு ஐந்தாம் நாள். வேலப்பன் வாசலில் வேப்பிலை செருகவில்லை. செருகினால் கார்ப்பரேஷன் வண்டி வந்து பிள்ளையைத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். டோல்கேட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் குடிசை வரிசையிலிருந்து போன கோடையில் அப்படி நாலு பேர் போனார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை. வீடு தேடி வந்த ஆத்தாளை வண்டி ஏற்றி அனுப்பினால் அவள் யாரையும் விடமாட்டாள் என்று பெண்டாட்டி சொக்கம்மாளுக்கு வேறு பயம். குடிசைக்குள் சாக்குப் படுதா கட்டி, அதற்குப் பின்னால் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு வண்டி வந்தே விட்டது. இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆட்களும் ஒவ்வொரு குடிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். வேலப்பனுடையது ஏழாவது.

"இந்த வரிசைல ஒரு கேஸ் இருக்குன்னு தகவல். அதைக் காட்டிட்டா நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எதிர்க் குடிசை வாசலில் மா சேன் அரிசி களைந்துகொண்டிருந்தாள். துறைமுகத்தில் வேலப்பனோடு மூட்டை தூக்கும் துரையின் பெண்டாட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரங்கூனிலிருந்து அவனோடு கப்பலில் வந்தவள். கன்னம் இரண்டிலும் எப்போதும் வெளிர் மஞ்சளாக ஏதோ பூசியிருப்பாள். "சுவத்துக்கு வெள்ளை அடிச்சிட்டியா?" என்று வரிசையே கேலி பண்ணும். புரியாமல் அவளும் கூடச் சிரிப்பாள். "வேர்க்குருப்பா. அவ ஊர்ல ஒரு மரக்கட்டைய அரைச்சிப் பூசுவாங்க, குளிர்ச்சி" என்று போன வாரம்தான் துரை சொல்லியிருந்தான்.

"சார், அந்தப் பொம்பள மூஞ்சப் பாருங்க" என்றான் வேலப்பன். "எதுக்குப் பூசி மறைச்சிகினு கீறான்னு கேளுங்க."

குரல் நடுங்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆமா சார், ரெண்டு நாளா ஜொரம்" என்றாள் பக்கத்து வீட்டு ஞானம். முந்தின நாள் குழாயடியில் மா சேனோடு நின்று தண்ணீர் பிடித்தவள்தான்.

"கப்பல்லயே கொண்ணாந்திருப்பா" என்றான் இன்னொருவன். கப்பல் வந்து இரண்டு வருஷமாயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஈரத் துணியால் ஓர் ஆள் அவள் முகத்தைத் துடைத்தான். கன்னம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் பொடிப் பருக்கள். கையைப் பிடித்ததும் தன் பாஷையில் கத்தினாள். அப்புறம் வேலப்பனைப் பார்த்து, "அண்ணே! அண்ணே!" என்றாள். அவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி போனது. ஏழாவது குடிசைக்குள் யாரும் குனியவில்லை.

சாயங்காலம் துரை ஓடி வந்தான்.

"வேலப்பா, அங்க சுத்தியும் அம்மை கண்டவங்கதான் படுத்திருக்காங்க. இந்த வரிசை ஆளு ஒருத்தன் வந்து அது வேர்க்குருதான்னு சொன்னா அவளத் திரும்பப் பாக்குறேன்றாங்க. உனக்குத்தான் தெரியுமே, வாப்பா."

போனால், அப்படியென்றால் கேஸ் எந்த வீட்டில் என்று கேட்பார்கள்.

"எனக்கு இன்னா தெரியும் தோஸ்து? நான் இன்னா டாக்டரா?"

படுதாவுக்குப் பின்னால் வேம்பு தண்ணீர் கேட்டு முனகினாள். துரை படுதாவைப் பார்த்தான். வேலப்பனைப் பார்த்தான். திரும்பி நடந்தான்.

அவன் போய்ச் சொல்லிவிடுவான் என்று வேலப்பன் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தான். வண்டி வரவில்லை. துரை யாரிடமும் சொல்லவில்லை. அது வேலப்பனுக்கு நிம்மதியாக இல்லை. துரை மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.

அம்மை இறங்கி வேம்புவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் கழித்துத் துரை தனியாக வந்தான். ஆஸ்பத்திரியில் அம்மை தொற்றிக்கொண்ட மா சேனை மூலக்கொத்தளம் மயானத்தில் புதைத்துவிட்டு நேராக வந்திருந்தான். தன் குடிசைக் கதவில் கை வைத்தான்.

"நில்லுப்பா" என்றான் வேலப்பன். "அம்மைல செத்த வூட்டு ஆளு நீ. புள்ளகுட்டி கீற எடம். வேற எங்கனா பாத்துக்க."

வரிசை முழுக்க வேலப்பன் பின்னால் வந்து நின்றது.

துரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வேம்பு எப்படி இருக்கா? எழுந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டான்.

"எழுந்துட்டாளாவா?" என்றான் வேலப்பன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அவளுக்கு இன்னா வந்துச்சி, இப்டிக் கேக்குற?"