ஷிமெக் கொட்டகையில் கிடந்த எஞ்சின்

ஷிமெக் கொட்டகையில் கிடக்கும் எஞ்சினைத்தான் தன் வண்டிக்கு வைக்கப்போவதாக என் தம்பி மகள் மார்லிஸ் சொன்ன அன்று, கோப்பையை நான் மேசையில் வைத்த வேகத்தில் பாதிக் காப்பி கொலாச்சி ரொட்டித் தட்டில் கொட்டியது. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பேச்சை நிறுத்தவில்லை.

அவள் கட்டிக்கொண்டிருந்தது ரேட் ராட். பழைய இன்டர்நேஷனல் பிக்கப்பின் கேபினை எடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, துருவைத் துருவாகவே விட்டு, வெல்டிங் தழும்புகளை ஊருக்குக் காட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். முன்மூடி கிடையாது. எஞ்சின் அப்படியே வெளியே தெரியும். எங்கள் கோவாரிக் குடும்பத்தில் கோழிக்கூண்டுக்குக்கூடத் தவறாமல் பெயிண்ட் அடிப்போம். இருந்தாலும் கேபின் அவள் அப்பா மைலோவுடையது என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன். இந்த எஞ்சினைப் பொறுக்க முடியாது.

"ஷெவர்லே வி-8 ஒண்ணு போட்டுட்டுப் போயேன். எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும்."

"அது தொப்புள் எஞ்சின், பெரியப்பா. எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கு. எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"பாக்கலைன்னா நல்லதுதான்."

"இது சீக்ரேவ் வி-12. நான் போன எந்த ஷோவுலயும் ஒருத்தன்கூட வெச்சிருக்கல. சிலிண்டருக்கு ரெண்டு பிளக், மொத்தம் இருபத்துநாலு..."

"எத்தனை பிளக்குன்னு எனக்கே பாடம் எடுக்கிறியா? உங்கப்பன் அதைக் கழட்டி மாட்டினப்போ பக்கத்துல விளக்குப் பிடிச்சவன் நான்."

அது எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டியின் எஞ்சின். மைலோ சம்பளம் வாங்காமல் அதைப் பராமரித்தான். ஒரு நவம்பர் சனிக்கிழமை மதியம் குபிசெக் வீட்டு மாட்டுக்கொட்டகை தீப்பிடித்தது. மைலோ அப்போது எங்கள் வயலில் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தான். வண்டியை எடுக்கப் போனார்கள், கிளம்பவில்லை. தானிய லாரியைக் கட்டி இழுத்து அதைக் கிளப்புவதற்குள் கொட்டகை மாடுகளோடு எரிந்து அடங்கிவிட்டது. பிளக்குகளுக்குப் பொறி தரும் இக்னிஷனை மைலோ சரியாகக் கவனிக்கவில்லை என்று தீயணைப்புத் தலைவர் கிழவன் ஷிமெக் எல்லோர் முன்னாலும் சொன்னான். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றட்டும் என்றுதானே அதற்குத் தனித்தனியாக இரண்டு இக்னிஷன், இரண்டும் ஒரே நிமிடத்தில் எப்படிச் சாகும் என்று நான் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மைலோவின் தீயணைப்பு ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவன் தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தான், சாகும்வரை. குபிசெக் வீட்டுப் பெண்கள் எங்களைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். அந்த எஞ்சினைத்தான் இவள் முன்மூடிகூட இல்லாமல் ஊர்வலம் விடப் பார்த்தாள்.

"அப்பா கை பட்ட எஞ்சின், பெரியப்பா. அது ஓடும்னு காட்டணும்."

"காட்டினா? கோவாரிக் வண்டி, தள்ளினாத்தான் போகும்னு சிரிப்பானுங்க."

"நாளைக்குப் பார்க்கப் போறேன். நீங்க வரவேண்டாம்."

எங்கள் வீட்டுப் பெண்ணை ஷிமெக் வாசலில் தனியாக நிற்கவிட மாட்டேன். நானும் போனேன்.

கிழவன் செத்துப் பல வருடமாயிற்று. வண்டியை ஊர் விற்றபோது அவன்தான் வாங்கிப் போட்டான். உடம்பெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட, சட்டத்தின் மேல் எஞ்சினும் டாஷ்போர்டும் மட்டும் மிச்சம். அவன் மகன் டுவேன் விதைக் கம்பெனித் தொப்பியும் தொந்தியுமாக வந்தான். அவனுக்கே அறுபது தாண்டிவிட்டது.

"வாங்க லூமிர்ண்ணே! தள்ளிவிட ஆள் வேணும்னு வந்தீங்களா? எனக்கு முதுகு வலிண்ணே."

நான் நிமிர்ந்து நின்றேன். அவன் மார்லிஸ் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பழைய டாஷ்போர்டையும் அப்படியே வைக்கப்போகிறாளாம். தூசியைத் துடைத்து ஒரு பெரிய திருகு ஸ்விட்சைக் காட்டினாள். அதைச் சுற்றி 'ஒன்று', 'இரண்டு', 'இரண்டும்' என்று பொறித்திருந்தது.

"இது பேட்டரிக்கு, இல்லியா? எதுல வைக்கணும்?"

"ஒத்தைத் தேதின்னா ஒண்ணு, ரெட்டைத் தேதின்னா ரெண்டு. உங்கப்பா போட்ட சட்டம். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தெம்பா நிக்கும்ல? 'ரெண்டும்'ல மட்டும் விட்டுடாதம்மா. நாங்க ஒரு சனிக்கிழமை வண்டிக்குள்ள உக்காந்து ரேடியோவுல நெப்ராஸ்கா ஃபுட்பால் ஆட்டம் கேட்டோம் பாரு, ஸ்விட்ச் 'ரெண்டும்'ல இருந்ததை ஒருத்தனும் கவனிக்கல, ஆட்டம் முடியறதுக்குள்ள ரெண்டு பேட்டரியும் சுத்தமா செத்து, வண்டி கிளம்..."

சிரித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"எந்த ஆட்டம்?" என்று கேட்டேன்.

"பழைய கதைண்ணே."

"எந்தச் சனிக்கிழமைடா? குபிசெக் கொட்டகை எரிஞ்சதா?"

அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"எனக்கு இருபத்தொரு வயசுண்ணே. வாயைத் திறக்காதேன்னு அப்பா சொல்லிட்டாரு."

"உங்கப்பனும் உள்ள இருந்தானா?"

"ஸ்டியரிங் பக்கம்."

"ரேடியோவை யாரு திருகினது?"

"நான்தான்."

மார்லிஸ் கையிலிருந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவரும் போயிட்டாரு, மைலோவும் போயிட்டான்," என்றான் டுவேன். "இப்ப அதைத் தோண்டி என்னண்ணே ஆகப்போகுது? எஞ்சினை சும்மாவே தூக்கிட்டுப் போங்க."

"உங்கப்பன் கல்லறையில தீயணைப்புச் சின்னம் நட்டு வெச்சிருக்கீங்க. என் தம்பி கல்லறையில வெறும் பேருதான் இருக்கு. உன் பிச்சை எங்களுக்கு வேணாம். விலையைச் சொல்லு. அப்புறம் இந்தக் கதையை ஊர் கூடுற கோ-ஆப் கடைக் காப்பி மேசையில வந்து எல்லார் முன்னாலயும் சொல்லு."

"அதெல்லாம் முடியாதுண்ணே. அப்பா பேரு..."

"உங்கப்பன் பேரு! அப்போ என் தம்பிக்கு இருந்தது என்னடா, பேர் இல்லையா?"

அவன் வந்து சொல்லப்போவதில்லை. கோ-ஆப்பில் எண்பது வயதுக்காரன் நான் எழுந்து சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் எழுந்து கேட்டபோது நடந்ததுதான் நடக்கும். காப்பியைக் கலக்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

அப்போதுதான் அந்த எஞ்சினை முழுசாகப் பார்த்தேன். இரண்டு வரிசையில் ஆறாறு சிலிண்டர்கள், எல்லாப் பக்கமும் கம்பியாக இருபத்துநாலு பிளக். முன்மூடி இல்லாத வண்டியில் இதை வைத்தால் எவன்தான் குனிந்து பார்க்காமல் போவான்? என்ன எஞ்சின் இது, எங்கே பிடித்தாய் என்று கேட்காமல் போவான்?

"மார்லிஸ், இவனுக்கு விலையைக் குடுத்துட்டு டிரெய்லரைப் பின்னால எடு. ஏத்து."

"பெரியப்பா?"

"தொப்புளை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்னு நீதானே சொன்னே? இதைப் பாப்பான், கேப்பான். கேக்கட்டும்."

குளிர்காலம் முழுக்க அவள் அதைப் பிரித்து, கழுவி, கோத்தாள். எஞ்சினைக் கிளட்ச் கூட்டோடு பொருத்தத் தடித்த தகட்டில் தானே இணைப்பு வெட்டினாள். அப்பாவின் விரல் பட்ட ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை என்றாள். கோடையில் தீயணைப்பு நிலையத்து வாசலிலேயே வண்டி ஷோ நடந்தது. வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, கஞ்சி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன்.

வந்தார்கள். குனிந்தார்கள். எண்ணினார்கள்.

"யம்மாடி! எதுலருந்து கழட்டினது?"

ஒவ்வொருவனுக்கும் சொன்னேன். ஊர் பெயர், வண்டி, சனிக்கிழமை, ரேடியோ, ஸ்விட்ச், ஷிமெக், எதையும் விடவில்லை. ஒமாஹா நகரத்திலிருந்து வந்தவனும் கேட்டான், எங்கள் ஊர்க்காரனும் கேட்டான். ஊர்க்காரன் பாதியிலேயே நழுவப் பார்ப்பான். நான் குரலை உயர்த்துவேன்.

மதியத்துக்குள் டுவேன் காதுக்கு எட்டிவிட்டது. முகம் சிவக்க வந்தான்.

"போதும்ண்ணே. என் பேரப் பசங்க அங்கதான் ஐஸ்கிரீம் தின்னுட்டு நிக்குதுங்க."

"மார்லிஸ் அஞ்சு வயசுலருந்து அவ அப்பனைப் பத்தின பேச்சைக் கேட்டுக்கிட்டே வளர்ந்தா. ஒரு மத்தியானம் அவங்களும் கேக்கட்டும்."

அவனுக்குப் பின்னால் பிளான்ச் குபிசெக் நின்றிருந்தாள். மாடுகளைப் பறிகொடுத்த வீட்டுக்காரி. கைத்தடியை எஞ்சின் பக்கம் நீட்டினாள். மைலோவின் சாவுக்குக்கூட வராதவள்.

"இது அதுவா?" என்று என்னைக் கேட்டாள்.

"அதுதான், பிளான்ச். ஏன் கிளம்பலைன்னு இவனைக் கேளுங்க."

அவள் கேட்டாள். டுவேன் என்னைப் பார்த்தான், மார்லிஸைப் பார்த்தான். ஓட இடமில்லை. முணுமுணுப்பாகச் சொன்னான். காது கேட்கவில்லை என்று அவள் சத்தம் போட்டாள். இரண்டாம் முறை அவன் சொன்னது சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. யாரும் நழுவவில்லை.

பிளான்ச் கைத்தடியைத் தரையில் ஊன்றினாள். பிறகு கேட்டாள்:

"யார் ஜெயிச்சா?"

"என்னம்மா?"

"ஆட்டத்துல, டுவேன். யார் ஜெயிச்சா?"

"நம்ம பசங்கதான்."

"ம்." அவள் மார்லிஸ் பக்கம் திரும்பினாள். "மைலோ பொண்ணுதானே நீ? கிளப்பு, நான் கேக்கணும்."

மார்லிஸ் வண்டிக்குள் ஏறினாள். டுவேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகத் திரும்பினான்.

"நில்லுடா," என்றேன். "கேட்டுட்டுப் போ."