அட்டாக்குன்னு சொல்லாதீங்க

சித்தப்பாவின் கையிலிருந்த ஃபோனை வாங்கிக் கட் பண்ணினாள் யசோதரா. மாத்தூர் அத்தையின் "இந்த வயசுல ஹார்ட் அட்டாக்கா" பாதியில் நின்றது.

"அட்டாக்குன்னு சொல்லாதீங்க சித்தப்பா."

"வேற இன்னா சொல்லச் சொல்ற? வூட்டு மானம் போவட்டும்ன்றியா?"

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அந்த பிளாக் முழுக்கத் தெரிந்த சங்கதிதான். அவள் தம்பி ஜெயவேலைப் போஸ்ட்மார்ட்டம் முடித்து மதியம்தான் கொடுத்திருந்தார்கள். தற்கொலை என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவன் அவளைத் தேடி வந்தான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஹார்பர் வரிசையில் இரண்டு நாள் காத்துக் கிடந்துவிட்டு நேராக வந்திருந்தான். "யக்கா, மனசே சரியில்ல. யார்னா டாக்டராண்ட பேசணும் போல கீது" என்றான். "லீவு போட்டு நல்லாத் தூங்குடா, சரியாப் பூடும்" என்று சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கீழே பந்தலில் பஷீர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். ஜெயவேலின் தோஸ்து, அதே கம்பெனி டிரைவர். டீயைக்கூடத் தொடவில்லை. யசோதரா பக்கத்தில் போனதும், "நிம்மதியாப் போயிட்டான் யக்கா" என்றான்.

அந்தக் குரலில் துக்கம் இல்லை. ஆசை இருந்தது.

"பஷீரு, உனக்கும் சாவணும்னு தோணுதா?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "சாவு வூட்ல கேக்கற கேள்வியா இது?"

"நீங்க போங்க சித்தப்பா."

பஷீர் தரையைப் பார்த்தான். "வண்டி ஓட்டும்போது தோணும்" என்றான்.

"தஸ்னீமுக்குத் தெரியுமா?"

"பொண்டாட்டியாண்ட இத எப்பிடிக்கா சொல்றது?"

"இன்னிக்கு வண்டி எடுக்கணுமா?"

"எண்ணூர் லோடு கீது."

"சாவியக் குடு."

அவன் அசையவில்லை. அவளும் நீட்டிய கையை எடுக்கவில்லை. பாடியைத் தூக்க ஆள் கூடியது, மேளம் எழுந்தது, மேலே அம்மா பூவம்மாவின் அலறல் கேட்டது. பஷீர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்து, அவள் படிக்கட்டில் பஷீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே தஸ்னீமுக்கு ஃபோன் போட்டாள். எதையும் மறைக்கவில்லை. "நாளைக்கு நாம மூணு பேரும் டாக்டராண்ட போறோம்" என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பிறகு, "சொல்லு" என்றாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். தூங்கு என்றோ, சரியாகிவிடும் என்றோ அவள் சொல்லவில்லை. மேளம் தெருமுனை திரும்பி ஓய்ந்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

தெருவில் சிதறிய பூவின் மேல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தஸ்னீம் இறங்கி ஓடி வந்தாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.