எத்தனை நிமிடம்?

"பாலத்தில் நெரிசல். கால்வாய்ச் சாலையில் செல்லவும்" என்று அவள் தட்டினால் போதும், சாலையோர மின்போர்டைப் பார்த்து ஊரே கால்வாய்ச் சாலைக்குத் திரும்பிவிடும். அங்கே அடைத்துக்கொள்ளும், பாலம் வெறிச்சோடிக் கிடக்கும். சரி, "பாலத்தில் செல்லவும்" என்று மாற்றினால் மொத்தக் கூட்டமும் பாலத்தில் வந்து நிற்கும். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு வாரமாக இதே கூத்து.

இதில் வீட்டுக்காரர் வேறு! பள்ளி வேன் ஓட்டுகிற மனுஷன். "உன் போர்டு கிழக்கேன்னா நான் மேற்கே போவேன். அதனாலதான் பிள்ளைங்க நேரத்துக்கு வீடு சேருதுங்க" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பார். ஊரே நம்புகிறது, கட்டினவர் நம்பவில்லை. அவர் சொல்வது சரியாக வேறு இருந்ததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"இன்னைக்குச் சாயங்காலமும் சொதப்பினா போர்டை அணைச்சிடுவேன்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். போர்டு அணைந்தால் அவளும் பழையபடி கோப்பு அறைக்குத்தான்.

ஐந்தரைக்குப் பாலம் அடைக்க ஆரம்பித்தது. வழக்கமான வரியைத் தட்டப்போன கை நின்றது. அடச்சே! போ போ என்று விரட்டினேனே, போனால் எவ்வளவு நேரமாகும் என்று ஒரு நாளாவது சொன்னேனா? அந்தக் கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் என் திரையில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

"பாலம் 24 நிமிடம். கால்வாய்ச் சாலை 16 நிமிடம்" என்று தட்டினாள்.

"எதுல போகணும்னே போடலையேம்மா?" பின்னால் நின்ற மேலதிகாரி பதறினார்.

"அவங்களுக்கும் மூளை இருக்கு சார். பாத்துக்குவாங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. திரையில் சில வண்டிகள் திரும்பின. பாலத்தைத் தாண்டியதும் வீடு உள்ளவர்கள் நேராகவே போனார்கள். கணக்கு மாற மாற அவளும் போர்டை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஆறு மணிக்குப் பாலம் பத்தொன்பது, கால்வாய்ச் சாலை பதினெட்டு. இரண்டும் ஊர்ந்தன, ஒன்றும் நிற்கவில்லை.

"நாளைக்கும் இதையே போடும்மா" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி டீ குடிக்கப் போனார்.

போன் அடித்தது. வீட்டுக்காரர். "கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டாச்சு. ஆமா, கால்வாய்ச் சாலை பதினெட்டுன்னு போட்டிருந்தியே?"

"ஏன், என்னாச்சு?"

"பதினேழுலயே வந்துட்டேன். ஒரு நிமிஷம் புளுகியிருக்கே."

"நீங்க... என் போர்டைப் பாத்தா போனீங்க?"

அந்தப் பக்கம் வேன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பின்ன? நேரம் போட்டிருந்தியே."